மாதா வண்டி

நுணுக்கமான வேலை எதுவானாலும் சவுரிராயன் நாக்கின் நுனியைக் கடைவாயில் ஒதுக்கிக் கடித்துக்கொள்வார். அன்றும் அப்படித்தான். திண்டிவனத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி, தன் வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் நின்ற பழைய வெள்ளை மாருதிக்குள் முழங்காலிட்டுக் குனிந்து, டேஷ்போர்டில் ஓடிய விரிசலின் இரண்டு முனைகளிலும் ஊசி கனத்துக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"நுனியில ஓட்டை போட்டுட்டா அப்பால ஓடாது. நின்ன எடத்துலயே நிக்கும்."

தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னார். யாரும் கேட்டிருக்கவில்லை.

ஐம்பத்து மூன்று வயது. இருபது வருடம் அடுத்தவர் லாரி ஓட்டிவிட்டு, ஆறு வருடமாகச் சொந்தக் கார். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நோயாளி, பனமலைக் கோயிலுக்குக் குடும்பம், கண்டாச்சிபுரத்துச் சந்தை, எங்கே கூப்பிட்டாலும் போவார். வாந்தி எடுப்பவர்களுக்கென்று சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பையும் புளிப்பு மிட்டாயும் வைத்திருப்பார். எதிரில் சவ ஊர்வலம் வந்தால் ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுவார். பின்பக்கமாக வண்டியை எடுக்கும்போது, கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல "வா, வா, வா, போதும்" என்று காரிடமே சொல்லிக்கொள்வார். சுற்றுப்பட்ட ஊர்களில் அவர் பெயரோ வண்டி நம்பரோ பலருக்குத் தெரியாது. இறங்கும்போது யாராவது பாராட்டினால் மட்டும் கூச்சத்தோடு தலையைச் சொறிந்து, "வண்டி நல்ல வண்டிங்க" என்பார்.

அந்த வண்டியின் டேஷ்போர்டில், ஸ்டியரிங்குக்கும் இடது பக்கக் கதவுக்கும் நடுவே, ஒரு சாண் உயரத்தில் வேளாங்கண்ணி மாதா சிலை ஒன்று ஆறு வருடமாக நின்றிருந்தது. அவர் மனைவி சவுரியம்மாள் நடைப்பயணம் போய் வாங்கிவந்தது. கார் வீட்டுக்கு வந்த அன்று அவளே பசையைத் தடவி, காயும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அந்த இடத்தில் முட்டை வடிவத்தில் ஒரு கறுப்புத் தடம். சுற்றியுள்ளதெல்லாம் வெயிலில் வெளுத்துச் சாம்பலாகிவிட, சிலையின் பீடம் மறைத்த இடம் மட்டும் அன்றைய கறுப்பிலேயே இருந்தது. அதன் விளிம்பிலிருந்துதான் விரிசல் புறப்பட்டு, காற்று வரும் துவாரம் வரைக்கும் ஓடியிருந்தது.

"இன்னாண்ணே, ஆர்ட் ஆப்ரேஷனா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான் பக்கத்து வீட்டுத் தென்னரசு. கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். சால்டரிங் கம்பியைக் கொடுக்க வந்தவன் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"எப்டி ஆச்சி?"

"வெயிலுப்பா. வெயில்ல வெடிச்சிடிச்சி."

"வெயில்ல வெடிச்சா கோணமாணலா போவும்ணே. இது எதையோ வுட்டு நெம்புன மாரி நேரா கீதே."

"பிளாஸ்டிக்குக்கு இன்னா தெரியும், கோணலும் நேரும்? ஜல்தி கம்பியக் குடுத்துட்டுப் போ."

தென்னரசு சிரித்துக்கொண்டே போய்விட்டான். சவுரிராயனுக்குக் காது மடல் சுட்டது.

எதையோ விட்டு நெம்பியதுதான். தோசைக் கரண்டி. சவுரியம்மாள் காவிப் புடவை கட்டிக்கொண்டு ஊர்க்காரர்களோடு வேளாங்கண்ணிக்கு நடக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் அது. மறுநாள் கண்டாச்சிபுரத்தில் ஆவணி முகூர்த்தம். பெண்ணை மண்டபத்துக்கு அழைத்து வரக் கார் கேட்டிருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் விருத்தாசலம் போனில் பேசியது மொத்தம் நான்கு வார்த்தை. காலை ஏழு மணிக்கு வந்துடு, அவ்வளவுதான்.

ஆனால் காரைக் கழுவும்போது சவுரிராயன் தனக்குள் பேசிக்கொண்டது அதிகம். பெரிய குடும்பம். வண்டிக்கு மாலை போடுவார்கள், கற்பூரம் சுற்றுவார்கள், பிள்ளையார் படம் வைக்க இடம் தேடுவார்கள். அப்போது சிலை கண்ணில் படும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் தயங்குவார்கள். அப்புறம் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். லாரி ஓட்டிய காலத்தில் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க அவர் எத்தனையோ தடவை டயரைப் பார்ப்பதுபோலக் கீழே இறங்கியிருக்கிறார். நல்ல நாளில் எதற்கு என்று நினைத்தார். ஒரு நாளைக்குத்தானே என்றும் நினைத்தார். அடுக்களைக்குள் போய்த் தோசைக் கரண்டியை எடுத்துவந்தார். சவுரியம்மாள் ஒட்டியது லேசில் வரவில்லை. பலங்கொண்டு நெம்பியபோது, காய்ந்த மட்டை முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

மறுநாள் காலை, பெண்ணும் தோழியும் பின்னால் ஏற, விருத்தாசலம் முன்சீட்டில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தியதும் டேஷ்போர்டைப் பார்த்தார்.

"இன்னாய்யா, மாதா எங்க? கல்யாணத்துக்கு லீவு குடுத்துட்டியா?"

சவுரிராயனுக்குச் சாவி கைக்கு அகப்படவில்லை. "வெயில்ல வெடிச்சிடிச்சிங்க. சரிபண்ணி வைக்கணும்."

"அட, நம்ம ஊர்ல மாதா வண்டின்னுதான சொல்லுவாங்க. எங்க அக்கா அந்த மாதா வண்டியத்தான் சொல்லணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. போன வருசம் மாமாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனியே, அப்ப வழி பூரா அந்தச் செலையத்தான் பாத்துக்கினு வந்தாங்களாம்."

பின்னாலிருந்து கல்யாணப்பெண் சொன்னாள்: "அம்மா காலையிலகூடக் கேட்டாங்க மாமா, மாதா வண்டி வந்துடிச்சான்னு."

மண்டபம் வரைக்கும் பதினைந்து நிமிஷம். சவுரிராயன் இடது பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம்தான் இந்த வேலை. கடையில் கொடுத்தால் ஒரு நாளில் முடியும்; ஆனால் கடைக்காரனும் கேட்பான். அதனால் வீட்டிலேயே, சவாரி இல்லாத நேரங்களில். கொசுவலைக் கம்பியை நீளவாக்கில் வெட்டி, சூடேற்றிய சால்டரிங் கம்பியால் பிளாஸ்டிக்கை இளக்கி விரிசலுக்குள் பதித்தார். மேலே பட்டி பூசினார். காய்வதற்குள், சீட்டு உறையில் வெட்டிய ரெக்சின் துண்டை அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்தார். டேஷ்போர்டில் இருக்கும் தோல்வரி அப்படியே பதிந்தது. விளிம்புகளை மட்டும் உப்புத்தாளை ஈரப்படுத்தித் தேய்த்தார். விழுப்புரம் வரைக்கும் போய் மங்கலான கறுப்பு ஸ்பிரே வாங்கிவந்து, கண்ணாடியில் பேப்பர் ஒட்டி, மூன்று கை அடித்தார்.

தென்னரசு வந்து விரலால் தடவிப் பார்த்தான். "எங்க இருந்துச்சின்னே தெர்லண்ணே. கில்லாடி நீ."

உண்மைதான். விரிசலும் தெரியவில்லை, முட்டை வடிவத் தடமும் தெரியவில்லை. அங்கே எதுவுமே நின்றதில்லை என்பதுபோல இருந்தது. சவுரிராயன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாராட்டியவனுக்கு ஒரு டீ வாங்கித் தரக்கூட மறந்துபோனார்.

திருவிழா முடிந்த மறுநாள், விழுப்புரம் பஸ் நிலையத்துக்குப் போய் மனைவியை ஏற்றிக்கொண்டார். கறுத்துப் போயிருந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, பாதத்தை மடக்கிப் பார்த்து, "நடந்ததுல எப்டி வெடிச்சிக் கெடக்குது பாருய்யா" என்றாள். பிறகு மடியிலிருந்த பையைப் பிரித்து, சிலைக்கென்று வாங்கிய சின்ன முத்துமாலையை எடுத்தாள். பார்க்காமலேயே கையை நீட்டினாள். கை வெறும் காற்றில் நின்றது.

"மாதா எங்க?"

பத்து நாளாக எல்லாரிடமும் சொல்லிப் பழகிய பதில் நாக்கிலேயே இருந்தது. சவுரிராயன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான்தான் பேத்தேன். கரண்டிய வுட்டு. டேஷ்போர்டும் வெடிச்சிடிச்சி. அப்பால பட்டி வச்சிப் பெயிண்டு அடிச்சேன்."

"எதுக்கு?"

"கண்டாச்சிபுரத்துக் கல்யாணத்துக்குப் போறப்ப."

சவுரியம்மாள் மாலையைத் திரும்பப் பைக்குள் போட்டாள். "அவுங்க எடுக்கச் சொன்னாங்களா?"

"இல்ல."

"வேற யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த சின்ன அறையைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்த சிலையை எடுத்து நீட்டினார். பசைக் குழாயும் கூடவே இருந்தது. "இப்பவே ஒட்டிடலாம். ரெண்டு நிமிசம்."

"வாணாம்."

சிலையை வாங்கிக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி, பின்கதவைத் திறந்து, பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். சவாரிக்கு வருகிறவர்கள் உட்காரும் இடம். சிலையை மடியில் நிமிர்த்தி வைத்து, கார் வந்த அன்றுபோலவே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சவுரிராயன் சாவியைத் திருப்பினார். வண்டியை எடுப்பதற்கு முன், பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பிடித்து, காரின் கூரை மட்டும் தெரியும்படி மேலே திருப்பிவிட்டார்.