ஆள் வருதுங்க!

போன ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் ஒரு ஜமுக்காளத்துக்கு மூன்று மணி நேரம் காவல் காத்தேன். சிரிக்காதீர்கள். நீங்களும் காத்திருப்பீர்கள்... ஜமுக்காளத்துக்கு இல்லாவிட்டால் ஒரு பஸ் சீட்டுக்காவது!

பொங்கல் விழா. ஸ்கூல் மைதானத்தில் இன்னிசைக் கச்சேரி. டிக்கெட் கிடையாது. முக்கியஸ்தர்களுக்கு இரண்டு வரிசை நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை. ஆறு மணிக் கச்சேரிக்கு மதியம் மூன்று மணிக்கே சாக்கும் துண்டும் பாயும் விரிய ஆரம்பித்துவிட்டன.

எனக்கு ஏன் இந்த வேலை? என் கொழுந்தியா மலருக்காக. வரதராஜன்பேட்டையில் வாக்கப்பட்டிருக்கிறாள். வயிற்றில் ஏழு மாதம். பாட்டு என்றால் உயிர். பொங்கலுக்கு அங்கே போயிருந்த என் மனைவி சாந்தியும் அவளும் சாயங்காலம் பஸ் ஏறி நேரே மைதானத்துக்கு வந்துவிடுவது, நான் பெரம்பலூரிலிருந்து முன்கூட்டியே போய் இடம் பிடித்து வைப்பது — இதுதான் ஏற்பாடு. முந்தின நாள் பூத்திலிருந்து மலரே போன் போட்டாள்.

"மாமா, மேடைகிட்டயே புடிச்சுருங்க மாமா. என்னால நிக்க முடியாது. புள்ள பொறந்துட்டா அப்புறம் கச்சேரியாவது ஒண்ணாவது!"

இப்படிக் கேட்டால் விட முடியுமா? மேடைக்கு இடது பக்கம், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், ஜமுக்காளத்தை முழுசாக விரித்தேன். நாலு மூலைக்கும் நாலு கல். நடுவில் நான்.

இடம் பிடிப்பதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் உள்ளே போய்விடும். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று, அவர் மோர் சோற்றுக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்போம். துணி போட்டவனுக்கு இடம் சொந்தம். இதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆனால் இவ்வளவு ஒழுங்காக நாம் மதிக்கிற சட்டம் வேறு ஏதாவது இருக்கிறதா?

அந்தச் சட்டத்தையும் ஏமாற்ற ஆள் உண்டு. நாலரை மணிக்கு ஒருவர் வந்தார். சட்டைப் பையில் பேனா, நெற்றியில் விபூதி.

"அஞ்சே நிமிஷம் சார். கால் வலிக்குது."

பாவம் என்று விட்டேன். அடுத்த நிமிஷம் கையைத் தூக்கி, "ஏய், இங்க வாங்க! எடம் இருக்கு!" என்று கத்தினார். சம்சாரம், மூன்று பிள்ளைகள், ஒரு கூடை முறுக்கு! அவர்களைக் கிளப்புவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கோபம் தெரியும். அதற்குமேல் யார் வந்து கேட்டாலும் என் வாயில் ஒரே வாசகம்தான்.

"ஆள் வருதுங்க!"

ஐந்தரை மணி இருக்கும். மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. ஐம்பது வயசுக்காரர் ஒருவர், கையில் மடித்த துண்டோடு, எல்லோர் காலையும் தாண்டித் தாண்டி என்னிடம் வந்தார்.

"சார்! இங்கன ஒரு ஓரமா ஒக்காந்துக்கிறேன் சார்!"

கேட்கவில்லை — கத்தினார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இடம் கேட்கிற லட்சணமா இது?

"ஆள் வருதுங்க."

"என்னங்க?" என்று குனிந்து, வலது காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். ஒரு கால் ஜமுக்காளத்தின் மேல் ஏறிவிட்டது.

"ஆள் வருதுங்க! காலை எடுங்க மொதல்ல!"

காலை எடுத்துவிட்டார். ஆனால் போகவில்லை.

"சார், நான் குரும்பலூரு. எம்பொண்ணு கலைச்செல்வி இன்னிக்கு மேடையில பாடுது. ஒரே ஒரு பாட்டு. மொத மொதல்ல பாடுது சார். எனக்குக் காது மந்தம்... கல்லு ஒடைக்கிற மிஷின்ல இருவது வருசமா வேல. இந்தப் பொட்டிகிட்ட இருந்தாத்தான் கேக்கும். பாட்டு முடிஞ்சதும் எந்திரிச்சிருவேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு அப்போது முறுக்குக் கூடைதான் தெரிந்தது. இவருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்களோ! அதுவும், பாடுகிற பெண்ணின் அப்பா என்றால் விழாக்காரர்கள் நாற்காலி போட்டுத் தர மாட்டார்களா?

"இந்த மாதிரி கதையெல்லாம் நிறைய கேட்டாச்சுங்க. வேற எடம் பாருங்க."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியிலேயே காலைத் தாண்டித் தாண்டிப் போனார். அந்த 'சரிங்க'வைக்கூடச் சத்தமாகத்தான் சொன்னார்.

ஆறு மணிக்குக் கச்சேரி ஆரம்பித்தது. மலரையும் சாந்தியையும் காணோம். ஆறரை ஆயிற்று. என் செல்போனை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அவர்களிடம் செல் கிடையாது. பஸ் கிடைக்கவில்லையா, மலருக்கு ஏதாவது ஆகிவிட்டதா... பாட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை. நெருக்கியடித்த கூட்டத்தின் நடுவில் நான் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிலும் ஜனங்கள் என் ஜமுக்காளத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே... அப்பப்பா!

ஏழு மணிக்கு அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "அடுத்ததாக, குரும்பலூரிலிருந்து வந்திருக்கும் மாணவி கலைச்செல்வி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிவப்புத் தாவணியில் ஒரு பெண் மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணை இடுக்கிக்கொண்டு கூட்டத்தில் யாரையோ தேடினாள். முதலில் பெட்டிப் பக்கம்தான் பார்த்தாள். அங்கேதான் இருப்பேன் என்று அவர் சொல்லியிருப்பார் போல. அங்கே நான் இருந்தேன்.

எழுந்துவிட்டேன். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எட்டி எட்டிக் கூட்டத்துக்குள் அவரைத் தேடினேன். கண்ணில் பட்டால் கையைக் காட்டிக் கூப்பிட்டுவிடலாமே! தலை, தலை, தலை... எங்கே தேடுவது? பின்னாலிருந்து திட்டு வந்தது.

"யோவ், ஒக்காருய்யா! நீ என்ன கண்ணாடியா?"

நியாயம்தானே? அரை நிமிஷம் உட்காருவேன், மனசு கேட்காது, மறுபடியும் எழுந்துவிடுவேன். திட்டும் கூடவே எழும். போய்த் தேடலாம் என்றால் கால் வைக்க வழி இல்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. மதியம் நான் ஜமுக்காளம் விரித்த இடம், கேட்டிலிருந்து மேடைக்கு வருகிற நடைபாதை. நான் ஒருவன் விரித்தேன், என்னைப் பார்த்து நாலு பேர் விரித்தார்கள், பாதையே இல்லாமல் போய்விட்டது.

கைதட்டல் கேட்டது. பாட்டு முடிந்துவிட்டது. என்ன பாட்டு என்றுகூட எனக்குத் தெரியாது.

எட்டரைக்குக் கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்ததும் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்கூல் கொடிக்கம்பம். அதைச் சுற்றிக் கட்டியிருந்த சிமென்ட் மேடையில், ஒரு துண்டின் மேல் மலர் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாந்தி.

"எப்ப வந்தீங்க?"

"ஆறே காலுக்கே வந்துட்டோம்" என்றாள் சாந்தி. "உள்ள நொழையத்தான் வழி இல்ல. இவ இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. நல்ல வேள, ஒருத்தரு எந்திரிச்சு எடம் குடுத்தாரு. துண்ட வேற விரிச்சு வுட்டாரு. ரெண்டு மணி நேரமா நின்னுக்கிட்டே இருக்காருங்க பாவம்."

"பாட்டு கேட்டுச்சா மலரு?"

"எங்க மாமா... பின்னாடி கட்டுன கொழாய் ஸ்பீக்கரு ஒரே கரகரன்னுச்சு. ஜனங்க கூச்சல் வேற. ஒண்ணும் வெளங்கல."

துண்டுக்காரர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது. கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"சார்! இவங்கதான் ஒங்க ஆளுங்களா? ஆள் வருதுன்னு சொன்னீங்களே, நெசந்தான்! நான்கூட சும்மா சொல்றீங்களோன்னு மனசுல நெனச்சுட்டேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. வருகிற ஆள் இரண்டு. நான் ஒருவன். ஆறு பேர் தாராளமாக உட்காரக்கூடிய ஜமுக்காளம். மிச்ச இடத்தில் யார் வருவதாக இருந்தது? மூன்று மணி நேரத்தில் அதை ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை.

"ஒங்க பொண்ணு பாட்டு..." என்று இழுத்தேன். அவர் காதில் விழவில்லை. கிட்டே போய்ச் சத்தமாகக் கேட்டேன்.

"எங்க சார், தாவணி மட்டும் தெரிஞ்சுது. வாயசைக்கிறது கூடத் தெரியல" என்றவர், மேடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப வந்துரும் சார். வந்ததும் 'எப்பிடிப்பா இருந்துச்சு'ன்னு கேக்கும். நான் என்னத்தச் சொல்றது? நீங்க பொட்டிகிட்டயே இருந்தீங்கள்ல... நீங்க சொல்லுங்க சார். எப்பிடிப் பாடுச்சு?"

சிவப்புத் தாவணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தது. யோசிக்க நேரமில்லை.

"ரொம்ப நல்லாப் பாடுச்சுங்க!" என்று அவர் வலது காதில் கத்தினேன்.

அவர் முகம் மலர்ந்தது. மகள் வந்து கேட்பதற்குள் அவளுடைய தலையில் கை வைத்து, மைதானத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "ரொம்ப நல்லாப் பாடுனம்மா! பொட்டிகிட்ட ஒக்காந்து கேட்ட சாரே சொல்றாரு!"

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

பாட்டைக் கேட்காத இரண்டு பேர் சேர்ந்து அவளைப் பாராட்டி அனுப்பினோம்.