அறுபது நாளும் ஆறு நாடும்

மனிதவளத் தொழிலில் ஒரு பெரிய வசதி, தப்பு யாருடையதாக இருந்தாலும் விளக்கக் கடிதத்தைத் தொழிலாளிதான் எழுதணும். இதே தொழிலில் குப்பை கொட்டுகிற சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! மலேசியாவில் கிள்ளான் பக்கம், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாக நானும் கொட்டுகிறேன். கீழே எழுதியிருப்பதில் ஒன்றுகூடப் பெருமைக்காகச் சொல்வதில்லை.

மஞ்சள் கட்டம்

எங்கள் கம்பெனிக்கு ஆறு நாட்டில் கிளை. ஆளை வேலையிலிருந்து நிறுத்தினால் எந்த நாட்டில் என்ன சட்டம் என்று ஒரே தாளில் வேண்டும் என்றார் மேனேஜர் நாதன். ஒரு மாசம் உட்கார்ந்து அட்டவணை போட்டேன். நிறுத்தப்பட்டவர் எத்தனை நாளுக்குள் அரசாங்க இலாகாவிலோ கோர்ட்டிலோ போய் முறையிடணும் என்று அதில் ஒரு வரிசை. ஜெர்மனியில் மூன்று வாரம், சிங்கப்பூரில் ஒரு மாசம், நம் மலேசியாவில் அறுபது நாள். அறுபத்தொன்றாம் நாள் அழுதுகொண்டு போனாலும் வாங்க மாட்டார்கள். அதனால் நம் கட்டத்துக்கு மட்டும் மஞ்சள் பூசினேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயிற்சி வகுப்பில் அதைத் திரையில் போட்டுப் பேசினேன். கைத்தட்டல் வேறு. மத்தியானம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே நாதன் சொன்னார்: "நீங்க லாயருக்குப் படிச்சிருக்கணும் லா, இங்க வந்து வீணாப் போறீங்க."

கேக் கமிட்டி

ஜெர்மனிக் கிளையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். அங்கே தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுக் குழு அமைப்பார்கள், அந்தக் குழுவிடம் கேட்காமல் ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் குழுவைப் பார்க்கணும் என்றார். நமக்கு ஏது? யூனியன் என்ற வார்த்தையையே நாதன் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார். எங்களிடம் இருந்தது விளையாட்டு, நலன்புரி மன்றம். அதன் செயலாளர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குணா அண்ணனைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினேன். பதினெட்டு வருஷ சர்வீஸ், ஒரு மேசைக்கால்கூட இடித்ததில்லை. என் அட்டவணையைப் பார்த்ததிலிருந்து என்னை "ஆறு நாட்டுத் தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார்.

"ஆளை நிறுத்துமுன் உங்களைக் கேட்பார்களா?" என்றார் ஜெர்மன்காரர். தமிழில் மாற்றிச் சொன்னேன். குணா அண்ணன் பதிலில் முதல் வார்த்தையை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லி, மீதியை விழுங்கிவிட்டேன். முழுப் பதில் இதுதான்: "கேப்பாங்க சார், பர்த்டே கேக் எந்தக் கடையில வாங்கலாம்னு."

விட்டுப்போன வரி

தைப்பூசத்துக்கு குணா அண்ணன் பத்துமலையில் காவடி எடுத்தார். தைப்பூச விடுமுறையோடு முன்னும் பின்னுமாக மூன்று வேலை நாள் வரவில்லை. சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போனார். எங்கள் இடத்தில் அதுதான் வழக்கம், லீவு ஃபாரத்தைத் திரும்பி வந்து எழுதுவது. ஆனால் அந்த வாரம் பார்த்து ஒரு பெரிய ஆர்டர் தாமதமாகிவிட்டது, யார் தலையையாவது உருட்ட வேண்டியிருந்தது. விசாரணையில் சூப்பர்வைசர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஞாபகமில்லை என்றார். அனுமதியில்லாமல் மூன்று நாள் வரவில்லை என்று ஆளை நிறுத்திவிட்டார்கள்.

விசாரணையில் குறிப்பு எடுத்தவள் நான். இருமலைக்கூட விடாமல் எழுதினேன். அவர் என் பக்கம் திரும்பிச் சொன்ன ஒரு வரியை மட்டும் எழுதவில்லை: "போன தீபாவளிக்கு இந்தத் தங்கச்சியே வாயால சொல்லிட்டுத்தான் லீவு போச்சு, அதையும் எழுதிக்கம்மா."

அந்தப் போன்

ஐம்பத்திரண்டு வயசில் இன்னொரு கம்பெனி எடுக்காது. அவருக்கு வேண்டியதெல்லாம் அந்த வேலை திரும்பக் கிடைப்பது. மேலிடத்துக்கு அப்பீல் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். முப்பதாம் நாளோ என்னவோ, எனக்குப் போன் போட்டார். "தங்கச்சி, தொழில் உறவு இலாகாவுல போய் எழுதிக் குடுக்கணும்னு பக்கத்து வீட்டுக்காரரு சொல்றாரு. போவட்டுமா?"

கம்பெனி அப்பீலுக்காகச் சட்டத்தின் கடிகாரம் நிற்காது என்று எனக்குத் தெரியும். மஞ்சள் பூசின கை இது! மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் பொய். நாதன் எதிரே உட்கார்ந்திருந்தார், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பீல் பதில் வரட்டுமே அண்ணே," என்றேன். சீ, எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை: "நீ சொன்னா சரிதான்மா, ஆறு நாட்டுச் சட்டம் படிச்ச புள்ள."

கிள்ளானில் ஒரு தே தாரிக்

அப்பீல் பதில் எழுபதாம் நாள் போனது. முடியாது என்று ஒரே வரி. டைப் அடித்தது யார் என்று கேட்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை கிள்ளானில் பூ வாங்கப் போனவளைத் தேத்தண்ணிக் கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். குணா அண்ணன். ஓடிப்போயிருப்பேன், அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். உட்காரச் சொல்லி எனக்கும் ஒரு தே தாரிக் சொன்னார். இலாகாவுக்குப் போனாராம். கவுண்டரில் இருந்த பெண் தேதியை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "லேட்டாயிருச்சு அங்கிள்" என்றாளாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஜெர்மனியில எத்தனை நாளும்மா?" என்று கேட்டார்.

"மூணு வாரம்ணே." பாழாய்ப்போன வாய், அப்போது மட்டும் தானாகத் திறந்தது.

கிளாசை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்: "அப்ப நம்ம நாடு நல்ல நாடுதாம்மா, அறுபது நாள் குடுத்திருக்கு."

ஆறு நாட்டுச் சட்டத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டதில் நான் கண்டுபிடித்தது, என் மாதிரி ஆள் சமயத்தில் வாயைத் திறந்தே ஆகணும் என்று எந்த நாட்டிலும் ஒரு கட்டம் கிடையாது.