மருதாணிக்கு அடியில் கறுப்பு

என் இடது கால் பெருவிரல் நகம் கறுத்துப் போனதற்கு என் அவசரம்தான் காரணம். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் கேன்வாஸ் ஷூ கேட்டேன். என் காலுக்கு ஆறாம் நம்பர். கடைக்காரர், ஐந்துதான் இருக்கிறது, அடுத்த வாரம் வாங்க என்றார். அடுத்த வாரம் வரைக்கும் யார் காத்திருப்பது? போடப் போட இளகிவிடும் என்று நானே அவருக்குச் சமாதானம் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தற்காலிக விஞ்ஞான டீச்சராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூட நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் தொல்லை. துணி துவைத்து, தலை காயவைத்து, பேப்பரில் வரி விளம்பரம் வரை படித்து முடித்தாலும் மணி பத்துதான் ஆகியிருக்கும். அறையில் நான் பேசாவிட்டால் வேறு சத்தமே கிடையாது.

கடல் இருபது மைலுக்குள் இருக்கிறது, நம் பள்ளி லேபில் ஒரு சங்குகூட இல்லையே என்று ஒருநாள் திடீரென்று தோன்றியது. உடனே திட்டம் போட்டேன். திருவிடந்தையில் இறங்கி, கடலோரமாகவே மாமல்லபுரம் வரை நடப்பது, வழியில் கிளிஞ்சல் பொறுக்குவது. கூட வர ஆள் தேடினேன். சக டீச்சர்கள் சிரித்தார்கள். சரி, தனியாகவே போவோம்.

மழை விட்டிருந்த கார்த்திகை மாதத்து ஞாயிறு அது. கடல் இடது பக்கம். கரை கடலைப் பார்க்கச் சரிந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் இடது கால் கீழே வழுக்கி, பெருவிரல் ஷூவின் முனையில் போய் முட்டியது. ஷூவுக்குள் ஈர மணல் வேறு. கழற்றி உதறிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "இன்னாமா, பஸ்ஸ வுட்டுட்டியா?" என்றாள். இல்லை, நடந்தே போகிறேன் என்றேன். அவள் பக்கத்திலிருந்தவளிடம், "வூட்ல சொல்லிகினு வந்துச்சா கேளு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் சொல்வதென்றால் யாரிடம் சொல்லியிருப்பேன் என்று அடுத்த ஒரு மைல் தூரம் யோசித்துக்கொண்டே நடந்தேன்.

ஐந்து மணி நேரம். கடற்கரைக் கோவில் தூரத்தில் தெரிந்தபோது பை நிறையக் கிளிஞ்சல் இருந்தது. இடது பெருவிரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அறைக்கு வந்து ஷூவைக் கழற்றினால் நகம் நாவல்பழம் மாதிரி இருந்தது. இரண்டு நாள் விண்விண்ணென்று தெறித்தது. மூன்றாம் நாள் வலி நின்றுவிட்டது. நிறம் போகவில்லை. பதினைந்து நாளில் நகத்தின் அடியிலிருந்து முக்கால்வாசி வரைக்கும் தார் பூசினாற்போல ஆகிவிட்டது.

ஷூ கடித்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வலி இல்லாததே என்னைப் பயமுறுத்த ஆரம்பித்தது. அதற்குக் காரணம் அந்த ஊர். குஷ்டத்துக்கென்றே பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால், எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வந்து இறங்குவார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து, யாருக்காவது தோலில் ஒரு தேமல் வந்தால்கூட ஊர் முதலில் அதைத்தான் நினைக்கும். ஒருநாள் டீச்சர்கள் அறையில், முன்பு இங்கே வேலை பார்த்த ஒரு அட்டெண்டரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருக்கும் கால் விரலில்தான் ஆரம்பித்ததாம், கறுத்ததாம், வலியே இல்லையாம். வீட்டுக்காரர் ஒரே நாளில் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். நான் நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டேன்.

இது குணமாகிற நோய், தொட்டால் ஒட்டாது என்று போன மாதம்தான் ஒன்பதாம் வகுப்பில் போர்டில் எழுதிப் பாடம் நடத்தியிருந்தேன். எழுதிய கைதான் அன்று சாயங்காலம் ஊக்கை எடுத்து அந்த நகத்தில் குத்திப் பார்த்தது. வலிக்கவில்லை. இன்னும் அழுத்திக் குத்தினேன். வலிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலையைவிட, அறையைவிட, எனக்குப் பெரிய பயம் ஒரு கதவைப் பற்றி. என் அறை ஒரு இரும்புக்கடை பாயின் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. நடுவில் ஒரு பச்சைக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய மருமகள். மதுராந்தகத்துப் பெண், என்னைவிட இரண்டு மாதம் பெரியவள். கல்யாணமாகி எட்டாம் மாதமே புருஷன் சிங்கப்பூர் போய்விட்டார். சாயங்காலம் ஆனால் அவள் கதவைத் தட்டுவாள், இல்லை நான் தட்டுவேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் போய், தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அவளுக்கு வரும் கடிதங்களைத் தனக்குள் ஒரு தடவை, எனக்காக ஒரு தடவை படிப்பாள். அந்த ஊரில் என்னை "நீ" என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான்.

செருப்பைக் கழற்றாமல் அந்தக் கதவைத் தாண்ட முடியாது. கழற்றினால் நகம் தெரியும். தெரிந்தால் என்ன சொல்வாள் என்பதைவிட, அவளுக்கும் ஒட்டிவிட்டால் என்றுதான் அதிகம் பயந்தேன். பரீட்சை பேப்பர் திருத்துகிறேன், தலைவலி, ஜலதோஷம் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் நம்பினாள். ஜலதோஷத்துக்குக் கஷாயம்கூட வந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. முந்தின நாள் உனக்கும் மருதாணி வெச்சு வுடுறேன், கால் பூரா வெப்பேன் என்று ரம்ஜான் சமயத்திலேயே சொல்லியிருந்தாள். அவள் வைத்துவிடுகிற விதம் எனக்குத் தெரியும். நாத்தனாருக்கு வைத்துவிட்டபோது பார்த்திருக்கிறேன். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

அது நடக்கக் கூடாது. பள்ளிக்கூட வேலியில் மருதாணி இருந்தது. இலையை உருவி, லேபில் உப்புகளைப் பொடிக்கிற பீங்கான் கல்வத்தில் அரைத்து, மூன்று நாள் தொடர்ந்து பத்து விரலுக்கும் நானே வைத்துக்கொண்டேன். ஒன்பது நகம் செங்கல் நிறமானது. ஒன்று மட்டும் கரும்பழுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. எனக்கே என் புத்திசாலித்தனத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் கதவைத் தட்டினாள். அரைக்கதவைத் திறந்தேன். கையில் பீங்கான் கிண்ணம், வழிய வழிய மருதாணி. நான் வலது காலை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக் காட்டினேன்.

"யார் வெச்சு வுட்டது?" என்றாள்.

"நானே வெச்சுக்கிட்டேன்."

காலைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். "நாளைக்குச் சாப்பிட வந்துடு. உனக்குத் தனியா செய்யச் சொல்லிகீறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கறி சாப்பிடாதவள் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் வேடந்தாங்கலுக்குப் பஸ் பிடித்தேன். ஏரிக்கரையில் ஷூவோடு உட்கார்ந்திருந்தேன். மரம் மரமாக நாரைகள், ஒரே இரைச்சல். கொண்டுபோன நோட்டில் மூன்று பறவையின் பெயர் எழுதினேன். நாலாவது எழுத மனசு வரவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தது. அந்த அம்மாள், தனியா வந்தியாம்மா என்று கேட்டுவிட்டு எனக்கும் ஒரு கை கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டேன். அன்று நான் வாய் திறந்து பேசியது அவளிடம் சொன்ன "ஆமா" ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது பச்சைக் கதவு அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது. மறுநாளும், அதற்கடுத்த வாரமும் அப்படியே. நான் தட்டவில்லை. இருமுகிற சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம் எல்லாம் கேட்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தேன். அம்மா நகத்தைப் பார்த்து, மருதாணி நல்லாப் பிடிச்சிருக்கே என்றாள்.

தை கடைசியில் ஒருநாள் நகம் வெட்ட உட்கார்ந்தபோதுதான் அதைக் கவனித்தேன். எல்லா நகத்திலும் அடியில் பிறை மாதிரி ஒரு வெளுப்பு. மருதாணிக்குப் பிறகு முளைத்த புது நகம். மருதாணி வளர்ந்து போய்விட்டால் இனி மறைக்க முடியாது, இதற்கு மேல் தாங்காது என்று கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், ஊக்கு உட்பட. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நகத்துல குத்தினா யாருக்கும்மா வலிக்கும்? நீங்க என்ன சப்ஜெக்ட் எடுக்கறீங்க?"

"சயின்ஸ்."

"பாவம் அந்தப் பிள்ளைங்க."

என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்துப் பாதத்தில், விரல் நுனியில், நகத்தைச் சுற்றியுள்ள தோலில் தொட்டார். ஒவ்வொரு தொடலையும் சொன்னேன். அந்த நோய் இல்லை என்றார். ஷூ முனையில் முட்டி முட்டி நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது. தெறித்த அன்றைக்கே வந்திருந்தால் நகத்தில் சின்ன ஓட்டை போட்டு ரத்தத்தை வெளியே எடுத்திருக்கலாம், இப்போது காய்ந்துவிட்டது. பிடுங்கக் கூடாது, நோண்டக் கூடாது. நேராக, குட்டையாக வெட்டிக்கொள்ள வேண்டும். நகம் தூக்கிக்கொண்டால் சுத்தமான துணி சுற்ற வேண்டும். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடுகிற ஷூ வாங்க வேண்டும்.

பிறகு குனிந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். ரத்தம் என்றால் நகம் வளர வளரக் கறுப்பும் முன்னால் நகர வேண்டும். நகராமல் அடியிலேயே நின்றாலோ, தோலுக்குப் பரவினாலோ வேறு சமாசாரம், பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். "மருதாணி போட்டு மறைச்சிட்டீங்களே, நகர்ந்துச்சா இல்லையான்னு நான் எதை வெச்சுப் பார்க்கறது?"

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மருதாணி போட்ட அன்று கறுப்பு நகத்தின் அடி வரை இருந்தது. இப்போது மருதாணி நகர்ந்திருக்கிறது. அந்தக் கோடுதான் அளவுகோல். வெளுப்பான புது நகத்தில் கறுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதுமே. காலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன். பிறை சுத்தமாக இருந்தது, ரோஜா நிறத்தில். டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, பிள்ளைங்க பிழைச்சுக்கும் என்றார்.

நேராகப் போய்ப் பச்சைக் கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்துத் திறந்தாள். நான் செருப்பைக் கழற்றி, இடது காலை வாசற்படி மேல் வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. கடைசிவரை கேட்டாள்.

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? நாங்க ஆடு அறுத்து குர்பானி குடுக்கிறோம், அதான் டீச்சருக்கு நம்ம வூடு ஒத்துக்கலைன்னு நெனச்சேன்."

"ஐயோ, அதெல்லாம் இல்லவே இல்லை."

"அன்னிக்கு உங்களுக்கு ஒரு தட்டு மூடி வெச்சினு இருந்தேன், சாயங்காலம் வரைக்கும். சேமியாவும் தேங்காய்ச் சோறும். அதுல கறி இல்ல." என் காலைப் பார்த்தாள். "வியாதின்னு தெரிஞ்சா வெளிய தள்ளிடுவோம்னு நெனச்சீங்களே, அதுக்கு நான் நெனச்சதே மேலு."

"நீங்க" என்றாள். அதுதான் தைத்தது. வாசற்படியிலிருந்து காலை எடுக்காமல் நின்றேன். அவளும் போகச் சொல்லவில்லை. கடைசியில் குனிந்து, என் பெருவிரலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு அவள் கதவைத் தட்டுவாள். "காட்டுங்க." தீக்குச்சியின் முனையை என் நகத்தின் அடியோரம் வைத்து, கறுப்பு தொடங்குகிற இடத்தில் குச்சியில் தன் நகத்தால் கீறுவாள். முந்தின மாதத்துக் குச்சியோடு ஒட்டிவைத்துப் பார்ப்பாள். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், அளக்கவுடுங்க என்பாள். சித்திரையில் ஒருநாள் "காட்டு" என்றாள். நான் காதில் விழாதது மாதிரியே உட்கார்ந்திருந்தேன், திருத்திக்கொண்டுவிடுவாளோ என்ற பயத்தில்.

ஆவணியில் அவளுக்கு விசா வந்தது. பாதி நகம் கறுப்பாக இருக்கும்போதே கப்பலேறிவிட்டாள். குச்சிகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பச்சைக் கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் போய் உட்கார எனக்குக் காரணம் இல்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு, நுனியில் பிறையாக மிச்சமிருந்த கறுப்பை வெட்டி எடுத்தேன். நகம் பழையபடி ஆகிவிட்டது, ஓரத்தில் மட்டும் லேசான தடிப்பு. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அரிசி நொய் அளவு. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. தீப்பெட்டியில் போட்டு மூடினேன்.

மறுவாரம் அவளிடமிருந்து முதல் கடிதம் வந்தது. மாடி வீடாம், சன்னலைத் திறந்தால் எதிரிலும் சன்னலாம், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லையாம். கடைசி வரியில், "கறுப்பு இன்னும் எவ்ளோ கீது? அளந்து எழுது" என்று இருந்தது.

அன்றே பதில் எழுதினேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அடுத்த மாதம் அளந்து எழுதுகிறேன் என்று.