பிடித்தவர் பெயர்

அருங்காட்சியகத்துல எனக்கு டைப் அடிக்கிற வேலை. பாட்டில்ல ஊறுற மீன், நண்டு, எல்லாத்துலயும் பழைய சீட்டு ஒட்டியிருக்கும். இன்னா உயிரு, எந்தக் கடல், புடிச்சவர் யாரு. அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா உலகத்துல எவன் வேணா பார்க்கலாம். எண்ணூர்லேர்ந்து தினம் ரயில்ல போய் வரேன்.

போன மாசம் என் வூட்டுக்காரர் வலையில செத்த கடல்குதிரை ஒண்ணு மாட்டுச்சு. காய வெச்சு என் கையில குடுத்தாரு. "எவனோ வெள்ளக்காரன் பேரெல்லாம் அடிக்கிறியே, என் பேரையும் போடும்மே." எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்? வேலைக்கு எடுத்துகினு போய், மத்ததோட வெச்சு, பேரு, குப்பம், கேக்காமலே படகு நம்பர் வரைக்கும் அடிச்சுட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம், நான் அடிச்சதைச் சரிபார்க்கிற மேடம் மூஞ்சி வெளுத்துப்போச்சு.

"இது யாரும்மா?"

"வூட்டுக்காரர், மேடம்."

"ஐயோ! கடல்குதிரையைப் பிடிக்கவே கூடாதும்மா. கையில வெச்சிருந்தாலே கேஸ், ஜெயில். மத்த மீனோட தெரியாம மாட்டுச்சுன்னு சொல்லிப் பார்க்கலாம். நம்பணுமே!"

அழிச்சிடுங்கன்னு அவங்க கையைப் புடிச்சு அழுதேன். அழிச்சாங்க. ஆனா நான் அடிச்சது மதியமே நெட்டுல வெளிய போயிடுச்சாம். அதுக்குள்ள எவனாச்சும் காப்பி எடுத்து வெச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாதாம்.

ரயில்ல ஒரு காக்கிச் சட்டை ஏறுச்சு. முந்தானையால மூஞ்சியை மறைச்சுகினேன். வூட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லலாம்னா, எவனாவது ஒட்டுக் கேட்டுகினு இருந்தா? திருவொற்றியூர் தாண்டறதுக்குள்ள இவரைப் புடிச்சு, உள்ள போட்டு, நான் புள்ளைங்களைக் கூட்டிகினு கோர்ட்டு வாசல்ல நிக்கிற வரைக்கும் மனசுக்குள்ள ஓடிடுச்சு. பேரு வேணுமாம் பேரு! அவரையும் திட்டினேன், என்னையும் திட்டிகினேன்.

தெருமுனையில திரும்பினா எங்க வூட்டு வாசல்ல ஒரே கூட்டம். ஓடினேன். செருப்பு ஒண்ணு எங்கியோ கழண்டு போச்சு.

போலீஸ் இல்ல. நடுவுல இவருதான், பல்லெல்லாம் தெரிய சிரிச்சுகினு. கையில தண்ணி பாட்டில். உள்ள விரல் நீளத்துக்குக் கடல்குதிரை ஒண்ணு, வாலைச் சுருட்டிகினு உசுரோட கீது. அக்கம்பக்கத்து ஆளுங்க போட்டோ எடுத்துகினு கீறாங்க.

"யோவ், மூடுய்யா அதை!"

அவருக்குக் காதுலயே ஏறல. பாட்டிலை என் மூஞ்சிக்கு நேரா தூக்கிப் புடிச்சாரு.

"போன தபா தானா மாட்டுச்சு. இது உனக்கோசரம் நானே தேடிப் போய் புடிச்சது."