பஸ் திரும்பும் இடத்து வீடு

மடியில் விரித்த துவாய், அதன்மேல் புட்டும் சம்பலும் உள்ள சாப்பாட்டுப் பெட்டி, கண்ணாடிக்கு அப்பால் கடல். அண்ணையை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது இதுதான். ஒக்லாந்தின் கிழக்குக் கரையில் ஓர் அமைதியான குடியிருப்பு. மேட்டிலிருந்து நேராக இறங்கும் தெரு ஒரு பழைய பலகை வீட்டின் வேலிப் படலையில் போய் முடியும். அவருடைய பஸ் திரும்புகிற இடம் அது. திரும்புமுன் பன்னிரண்டு நிமிட ஓய்வு. வீட்டுக்குப் பக்கவாட்டில் தெரியும் ஒரு துண்டுக் கடலைப் பார்த்தபடி சாரதி ஆசனத்திலிருந்தே சாப்பிடுவார். “கடலை ஓசியில பாக்கிறன், தம்பி. அதுக்குச் சம்பளமும் தாறாங்கள்” என்பார்.

அவர் என் உடன்பிறந்தவர் அல்லர். நானும் மனைவியும் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது, ஏவன்டேலில் தாம் இருந்த வாடகை வீட்டில் ஓர் அறையை எங்களுக்கு ஒழித்துத் தந்தவர். ஊரில் அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்தவர் இங்கே பஸ் ஓட்டினார். அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. வயதானவர்கள் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் நிறுத்திவைப்பார். பிந்தியதற்கு ஏச்சு வாங்குவதையும் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொல்வார். மூத்த மகனை யுத்தத்தில் இழந்து, எஞ்சிய ஒரே மகளோடு வந்தவர்கள் அவரும் அவர் மனைவியும். மனைவியை நான் அக்கா என்பேன்.

அந்தப் பலகை வீட்டில் தனியாக இருந்த வெள்ளைக்கார மூதாட்டி வேலிக்கு மேலால் அண்ணைக்கு எலுமிச்சம்பழம் நீட்டுவார். அண்ணை அவருக்கு வடை கொண்டுபோய்க் கொடுப்பார். முதியோர் இல்லத்துக்குப் போக முடிவெடுத்தபோது, விற்பனைப் பலகை நடுவதற்கு முன்பே அவர் அண்ணையிடம்தான் சொன்னார். அண்ணை அன்றே என்னிடம் வந்தார். “தம்பி, நீர் படிச்ச ஆள். ஒருக்கா வந்து பாருமன். பலகை உக்கிப்போச்சோ, கூரை தாங்குமோ எண்டு சொன்னால் காணும்.”

நான் பொறியியலாளன். டோர்ச் லைட்டோடு வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். மரமெல்லாம் இரும்பு மாதிரி இருந்தது. வெளியே வந்து பின்கதவைத் திறந்தேன். பெருகி வந்த தண்ணீர் புல்லின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்பால் ரங்கிடோடோ தீவு. அந்த நிமிடமே எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. இதைவிட நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு அக்கா கேட்டார்: “என்ன தம்பி, எடுக்கலாமோ?”

“வீட்டில பிழை இல்லை, அக்கா. ஆனால் தெரு நேர வந்து படலையில குத்துது. ஊரில உப்பிடித் தெருக்குத்து வீட்டை ஆரும் எடுப்பினமோ?”

அண்ணை சிரித்துவிட்டார். “கேட்டியே கதையை? ராகுகாலத்தில தாலி கட்டின மனிசன் உவர்!”

அக்கா சிரிக்கவில்லை. “அதுதான் நானும் சொல்லுறன். நம்பாத ஆளே சொல்லுறார் எண்டால் யோசிக்கத்தானே வேணும். எனக்கு மிச்சம் ஒரு பிள்ளைதான் இருக்கு.”

அவர் இப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். அண்ணை அதற்குப் பிறகு அந்த வீட்டின் பேச்சை எடுக்கவில்லை. மனைவி பயந்த வீட்டில் மனைவியைக் குடியிருத்துகிறவர் அல்லர் அவர்.

வீடு ஏலத்துக்கு வந்தது. நான் எடுத்தேன். தொலைபேசியில் சொன்னபோது அண்ணை விலையைக் கேட்டார். பிறகு, “நல்லது தம்பி. பிறத்தியிட்டப் போகேல்லை” என்றார். பால் காய்ச்சிய அன்று முதலில் வந்தவர்களும் அவர்களே. தெருக்குத்துக்குக் காவலாக அக்கா ஒரு சின்னக் கற்பிள்ளையாரைக் கொண்டுவந்து படலையில் வைத்தார். வடகிழக்குக் காற்றுக்கு எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும், எந்த மாதம் தண்ணீர் எதுவரை ஏறும் என்றெல்லாம் அண்ணை என் மனைவிக்குக் காட்டிக்கொடுத்தார். வெளியே இருந்து பார்த்தே அத்தனையும் அறிந்திருந்தார். பின்னர் அவர்கள் விமான நிலையப் பக்கம், பாபடோயிட்டோயில் ஒரு செங்கல் வீடு வாங்கினார்கள். “அங்க கடல், இங்க பிளேன். ரெண்டும் ஓசிதான்” என்றார். ஓய்வுபெறும்வரை அவர் பஸ் எங்கள் படலையில்தான் திரும்பியது. என் மனைவி தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் வீட்டில் நிற்கிற நாட்களில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். வெளியே போனதில்லை.

ஐந்து வருடங்களுக்கு முன் என் மனைவி புற்றுநோயில் இறந்தாள். செத்தவீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களுக்கு வர இருந்ததைத் தங்கச்சி வாங்கிப்போட்டா” என்று அழுதார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. முதற் பொய்யைவிட இந்த மௌனம்தான் பெரிய குற்றம் என்று இப்போது நினைக்கிறேன்.

போன மாதம் அண்ணை தொலைபேசி எடுத்தார். “தம்பி, இவள் வெள்ளிக்கிழமையில பொழுதுபடுமட்டும் பச்சைத்தண்ணியும் குடிக்கிறாளில்லை. சீனி வருத்தக்காரி, டொக்டர் ஏசுறார். உம்மட மனிசிக்குத்தான் விரதமாம், அஞ்சு வருசமா. நீர் சொன்னால் கேப்பாள்.”

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். செருப்பைக் கழற்றி, இருந்த உடனேயே சொல்லிவிட்டேன். “அக்கா, அந்தத் தெருக்குத்துக் கதை பொய். வீடு எனக்கு வேணும் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான்.”

அண்ணை எழுந்து ஜன்னலுக்குப் போனார். அந்த ஜன்னலில் அடுத்த வீட்டுச் சுவர் மட்டும்தான் தெரியும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏசட்டும் என்று காத்திருந்தேன்.

“அப்ப, தங்கச்சி அதால போகேல்லையோ?”

“இல்லை, அக்கா. அது எந்த வீட்டில இருந்திருந்தாலும் வந்திருக்கும்.”

“என்ர பிள்ளைக்குப் பதிலா அவ போகேல்லை?”

“இல்லை.”

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பாரம் இறங்கிய அழுகை அது. கைவிட்டுப் போன வீடு அவருடைய நினைவில் எங்கேயும் இருந்ததாகத் தெரியவில்லை.

அண்ணை திரும்பாமலே குசினிக்குப் போனார். மூன்று கோப்பை தேத்தண்ணியோடு வந்து, ஒன்றை அக்காவுக்கு முன்னால் வைத்து, “இனி என்ன, குடி” என்றார். இன்னொன்றை எனக்கு முன்னால் வைத்தார். நான் சீனி போடாமல் குடிப்பவன் என்பதை அவர் மறக்கவில்லை. அன்று முழுவதும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவுமில்லை.

அக்கா கோப்பையை இரண்டு கைகளாலும் எடுத்துக் குடித்தார். அப்போது பகல் பதினொரு மணி இருக்கும்.