மல்லாட்டையின் மூக்கு

வறுத்த மல்லாட்டையை எடுத்த எடுப்பில் வாயில் போட்டுக்கொள்ள எனக்கு வராது. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுப்பேன், விரல் நுனியில் உருட்டுவேன், முனையில் அந்தச் சின்ன மூக்கு இருக்கிறதா என்று பார்ப்பேன், பிறகுதான் தின்பேன். "மல்லாட்டைக்குப் பொண்ணு பாக்கறியாம்மா" என்று என் மகள் கிண்டல் செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். அப்படி உருட்டும்போதெல்லாம் விழுப்புரத்தில் எங்களுக்கு மேனேஜராக இருந்தவரின் முகம் எதிரில் வந்து நிற்கும். அவருக்காக ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் நான் குனிந்து நின்றதும் நினைவுக்கு வரும்.

விழுப்புரத்தை விட்டுத் திண்டிவனம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அந்த விதை கம்பெனி. மல்லாட்டையை இயந்திரத்தில் உடைத்து, பருப்பைப் பொறுக்கி, மூட்டை தைத்து விதைக்கு அனுப்புவார்கள். பொறுக்குவதற்கு நாலு மேசை, எட்டுப் பெண்கள். நாலாம் மேசை என்னுடையது. கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் சாய்வாக இறங்கும். அதில் செந்நிறத் தோல் தூசி எந்நேரமும் மிதந்துகொண்டே இருக்கும். இப்போது நினைத்தால் அங்கே நாங்கள் வேலை செய்தோமா, அந்தத் தூசிக்குள் எல்லோரும் சேர்ந்து ஒரு நீளமான தூக்கம் தூங்கினோமா என்று சந்தேகமாக இருக்கிறது. கைகள் பாட்டுக்குப் பொறுக்கும். மனசு வீட்டு அடுப்பிலோ, பிள்ளையின் பரீட்சையிலோ இருக்கும்.

எங்களை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்பதுதான் மேனேஜர் சாரின் கவலை. கனத்த உடம்பு, எப்போதும் ஈரமாக இருக்கும் கைக்குட்டை, யாரையும் திட்டத் தெரியாத வாய். தலைமை அலுவலகத்திலிருந்து நீல நிறத்தில் ஒரு பலகை அனுப்பியிருந்தார்கள். விதை விவசாயியின் உயிர், அதைக் காப்பதே நம் அனைவரின் இலட்சியம் என்று அதில் எழுதியிருந்தது. அதைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மாட்டி, தினமும் காலையில் கையை நீட்டிச் சொல்லச் சொன்னார். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நாங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வோம். சிறந்த மேசைக்குக் கோப்பை என்றார், வெள்ளிக்கிழமை இனிப்பு என்றார். இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். பிறகு ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் எந்த மேசை பொறுக்கியது என்று ஒரு சீட்டுப் போட வைத்தார். "இன்னா பேஜாரு இது, தப்பு கண்டுபிடிக்கவா" என்று முணுமுணுத்தோம். நானும்தான்.

அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். கோலியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். என் வயதுதான் இருக்கும். மார்கழிப் பட்டத்துக்கு எங்கள் விதையை வாங்கிப் போட்டிருக்கிறாள், பாதிக்குப் பாதி முளைக்கவில்லை. சார் அவசரமாக நாற்காலி போட்டு, வேறு மூட்டை தரச் சொல்கிறேன் என்றார். அவள் உட்காரவில்லை.

"சண்டை போட வரலீங்க. ஊட்ல எல்லாரும் என் கை சரியில்ல, நான் வெதச்சா வெளங்காதுன்னு சொல்லிக்கினு இருக்காங்க. என் கையா, இந்த நாலாம் நம்பர் மேசையில குந்திகினு பொறுக்கனவங்க கையான்னு தெரிஞ்சுக்கினு போலாம்னுதான் வந்தேன்."

நான் தலையை நிமிர்த்தவில்லை. வேறொரு மேனேஜராக இருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பார். இவர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலையில் லாரியில் ஏற்ற வேண்டிய மூட்டைகள் தைத்து அடுக்கிக் கிடந்த சமயம். எட்டுப் பேரையும் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் கழனிக்குப் புறப்பட்டார்.

அந்தக் கழனி இன்றைக்கும் கனவில் வருகிறது. ஈர மண், அதில் வரிசையாகப் பச்சை, நடுநடுவே பல் விழுந்த வாய் மாதிரி வெறும் இடம். அவளுடைய மாமனாரும் வீட்டுக்காரரும் வரப்பில் கைகட்டி நின்றார்கள். சாக்கின் அடியில் மிச்சமிருந்த விதையை அவள் என் உள்ளங்கையில் கொட்டினாள். பெரிசு பெரிசாக, உருண்டையாக, பார்க்க லட்சணமாக இருந்தது. உருட்டிப் பார்த்தேன். பலதுக்கு மூக்கு இல்லை. அந்த வருஷம் இயந்திரத்தில் சல்லடை மாற்றியிருந்தார்கள், அது முனையைச் சீவிவிட்டிருக்கிறது. முளைப்புப் பரிசோதனைக்கு அனுப்பிய மாதிரி விதையோ சல்லடை மாற்றுவதற்கு முன்பு எடுத்தது. ஆனால் இயந்திரத்துக்குக் கண் இல்லை, எங்களுக்கு இருந்தது. மூக்கில்தான் முளை இருக்கிறது என்று கழனி வேலை தெரிந்த எங்களில் யாருக்குத் தெரியாது? நாங்கள் சட்டினிக்குப் பொறுக்குகிற மாதிரி பொறுக்கியிருந்தோம். சொத்தையையும் சுருங்கினதையும் தள்ளிவிட்டு, குண்டாக இருந்ததையெல்லாம் உள்ளே விட்டிருந்தோம். தினமும் காலையில் உயிர் உயிர் என்று கையை நீட்டிச் சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்தோம்.

சார் என் கையிலிருந்த விதையைப் பார்த்தார். வரப்பில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி அவளிடம் சொன்னார்: "உங்க கை இல்லம்மா. எங்க கை."

அவள் மாமனாரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கம்பெனிக்குத் திரும்பி வந்து இறங்கினோம். சாயங்கால வெயில் கிடங்கு வாசல் வரைக்கும் வந்திருந்தது. மூட்டைகள் அடுக்கினபடி இருந்தன. சார் போனைக் கையில் எடுத்து, தலைமை அலுவலகத்தைக் கேட்பதா வேண்டாமா என்று நின்றார். கேட்டால் என்ன சொல்வார்கள் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நான் போய் முதல் மூட்டையின் தையலை அறுத்தேன். யோசித்துச் செய்ததாக நினைவில்லை. அடுத்த மூட்டைக்கு இன்னொருத்தி போனாள். சார் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கீழே உட்கார்ந்து எங்களோடு பொறுக்க ஆரம்பித்தார். மறுநாள் லாரி காலியாகத் திரும்பியது. அந்த இரண்டு நாளும் ஒருத்தியும் அடுப்பை நினைத்திருக்க மாட்டாள். ஒவ்வொரு பருப்புக்கும் மூக்கைப் பார்த்தோம்.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்து ஆள் வந்தார். யாரைக் கேட்டு மூட்டையைப் பிரித்தீர்கள் என்றார். "நான்தான் பிரிக்கச் சொன்னேன்" என்றார் சார். அவர் சொல்லவில்லை. நான்தான் அறுத்தேன். ஆனால் எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. முறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடுத்த வாரம் அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். பலகை மட்டும் அங்கேயே தொங்கியது.

இப்போது நான் திண்டிவனத்தில் வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர். இங்கேயும் பலகை உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அதை நான் படித்துக் காட்டுவதில்லை. மூக்கில்லாத பருப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, அந்தக் கழனியைப் பற்றிச் சொல்வேன். யார் தையலை அறுத்தது என்ற இடம் வரும்போது மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். உடம்பு இளைத்திருந்தது. அதே ஈரக் கைக்குட்டை. பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து ஒவ்வொரு மல்லாட்டையாக எடுத்து, உருட்டி, முனையைப் பார்த்துவிட்டுத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், இத்தனை வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அன்னிக்குத் தையலை அறுத்தது நான்தான்னு சொல்லாம வுட்டுட்டேன் சார்."

அவர் என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சிரித்தார்.

"எங்க கைன்னு அந்தம்மா கிட்ட சொல்லிட்டு வந்தோமேம்மா. அப்புறம் அதுல யாரு கைன்னு என்னாத்துக்குப் பங்கு போடறது?"

பொட்டலத்தில் பாதியை என் கையில் கொட்டினார். திண்டிவனம் பஸ் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒவ்வொன்றாக உருட்டி, மூக்கைப் பார்த்துப் பார்த்துத் தின்றோம்.