கவிநேசனைக் கூப்பிட வந்தவர்கள்

பவானேஸ்வரி புக்கிட் காத்திலில் பள்ளி வேன் ஓட்டினாள். தம்பி கவிநேசன் சிறையிலிருந்து வந்ததிலிருந்தே அவளுக்குத் தூக்கம் கெட்டது. குண்டர் கும்பலோடு சேர்ந்து ஒருவனை வெட்டியதற்காக உள்ளே போனவன். முதலில் அவனைப் பார்த்தே பயந்தாள். குளிக்கப் போகக்கூட அவன் "போகட்டுமாக்கா?" என்று கேட்டு நிற்பதைப் பார்த்த பிறகு, இவனை யாராவது அதட்டினால்கூடத் தாங்கமாட்டானே என்று பயந்தாள்.

ஒரு மத்தியானம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தபோது, வீட்டு முன்னால் கறுப்புக் கார் ஒன்று நின்றது. உள்ளே இருந்த பழைய கும்பல்காரன் கண்ணாடியை இறக்கினான்.

"கவி வந்துட்டானாமே. கூப்பிடுங்கக்கா, சும்மா பேசணும்."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் தினமும் வருவார்கள் என்று தோன்றியது.

"இருக்கான். ஆனா வரமாட்டான்."

அவன் சிரித்தான். "வேன் ஓட்டுறீங்கல்ல. எந்தப் பிள்ளை எந்த ஜாலான்ல, எந்த வீட்டு வாசல்ல ஏறுதுன்னு எங்களுக்குத் தெரியும் லா."

கார் திரும்பும்போது அதன் எண்ணை மட்டும் மனதில் பதித்துக்கொண்டாள். கேட்டைப் பூட்டினாள்.

உள்ளே கவிநேசன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது.

"நான் அவனுங்களோட போயிடறேன்க்கா. அப்பத்தான் பிள்ளைங்கள விடுவானுங்க."

"போனா உன்னைய விட்டுடுவானுங்களா?"

அவன் வாசலை நோக்கி நடந்தான். அவள் கதவை மறித்து நின்றாள். "போறதுன்னா என்கூட வா. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம்."

நிலைய வாசலில் அவன் வேனைவிட்டு இறங்கவில்லை. "என்னையத்தான்க்கா உள்ள வைப்பாங்க" என்றான். அவளுக்கும் அதே பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, இறங்கச் சொல்லி அவசரப்படுத்தவும் இல்லை. வேனுக்குள் புழுங்கியது. கடைசியில் அவனே கதவைத் திறந்தான்.

அதிகாரி கார் எண்ணை எழுதிக்கொண்டு, இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோர்களிடம் நடந்ததைச் சொன்னாள். மறைத்துவிட்டு அந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள அவளால் முடியவில்லை. பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வேனை விற்றுவிட்டு, தம்பியோடு தள்ளியிருந்த டுரியான் துங்காலுக்குக் குடிபோனாள். அங்கே காளிமுத்து என்பவர் எல்லாம் தெரிந்தே அவனைத் தன் டயர் கடையில் சேர்த்துக்கொண்டார்.

வந்தவர்கள் அப்புறம் வரவில்லை. பயம் மட்டும் போகவில்லை. கடையிலிருந்து வர அவன் கொஞ்சம் தாமதித்தாலும் போன் பண்ணுகிறாள். "வந்துக்கிட்டு இருக்கேன்க்கா" என்று அவன் சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.